என் பல் வெளுத்த படலம்

வெற்றிலையும் போடலாம், பல்லையும் வெள்ளையாக வைத்துக்கொள்ளலாம். இதை இந்த உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியே தீருவது என்று போன ஆனி மாதக் கடைசியில் நான் ஒரு முடிவெடுத்தேன். நிரூபித்தும் காட்டினேன். அதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம். இது ஜெயித்தவன் சொல்கிற கதை. என் மனைவியிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள். நீங்கள் அவளிடம் கேட்காதீர்கள்.

என் பெயர் பஞ்சநாதன். திருவையாறு கடைத்தெருவில் உரக்கடை. வயது ஐம்பத்தைந்து. அதில் முப்பத்தைந்து வருஷம் வெற்றிலை போட்ட வாய் இது. கொழுந்து வெற்றிலை, சீவல், தொட்டுக்கொள்ளச் சுண்ணாம்பு. புகையிலை மட்டும் கிடையாது. நான் செய்த ஒரே புண்ணியம் அதுதான். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் ஒன்று. யூரியா கேட்டு ஆள் வந்தால் ஒன்று. யூரியா இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு, அந்த வருத்தத்தில் இன்னொன்று. குறுவை சீசனில் வருத்தம் கொஞ்சம் ஜாஸ்தி.

என் மனைவி அனுசுயாவுக்குப் பால் சங்கத்தில் பால் சோதிக்கிற வேலை. இருபது வருஷமாகத் தண்ணீரைப் பிடித்துப் பழகிய கண். கேன் மூடியைத் திறப்பதற்கு முன்பே, கொண்டுவந்த ஆள் முகத்தைப் பார்த்து எத்தனை சொம்பு தண்ணீர் கலந்தது என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளோடு இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்துகிறேன். என் மனோதைரியத்தை நீங்களே எடை போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் ஒரே பெண் பூமிகாவைப் பார்க்கத் திருப்பழனத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை சபரிநாதன் தங்கமான பையன். அவன் அப்பா வீரமணி, கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். வந்து உட்கார்ந்ததும் மடியிலிருந்து வெற்றிலைப் பெட்டியை எடுத்தார் பாருங்கள், அப்போதே எனக்கு இந்தச் சம்பந்தம் பிடித்துவிட்டது. "எங்களுக்குச் சம்மதம்" என்று அவர் சொன்னதும் நான் வாய்விட்டுச் சிரித்தேன். அங்கேதான் வந்தது வினை. மாப்பிள்ளையின் அத்தை பதறி எழுந்துவிட்டார்.

"ஐயையோ, அண்ணனுக்கு வாயில அடிபட்டிருக்கா? ரத்தமா இருக்கே!"

அவர்கள் கார் தெருமுனை திரும்பியதுதான் தாமதம்.

"ஏங்க, உங்களை யாருங்க சிரிக்கச் சொன்னது?"

"சம்பந்தம் கூடி வந்த சந்தோஷம், அனுசு."

"சந்தோஷத்தை வாயை மூடிக்கிட்டுப் படக்கூடாதா?"

"அவரும்தான் வெத்தலை போடுறாரு. அவரு சிரிக்கலையா?"

"அவரு மாப்பிள்ளையைப் பெத்தவரு. அவரு சிரிச்சா கம்பீரம்பாங்க. நீங்க சிரிச்சா ஆம்புலன்ஸைக் கூப்பிடுறாங்க."

இந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் யார் இருந்தது? அவள் அண்ணன் நெடுஞ்செழியன். ஒரத்தநாட்டுக்காரர். கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து வயசு சொல்வார். அவர் பல் தேங்காய்ச் சில்லு மாதிரி இருக்கும். அந்தப் பல்லை அவர் மூடி நான் பார்த்ததே இல்லை.

"மாப்பிள்ளை, கோவிச்சுக்காதீங்க. இந்தப் பல்லோட ஒரு மாட்டைச் சந்தைக்கு ஓட்டிக்கிட்டுப் போனா, எவனும் கயித்தைக்கூடத் தொட மாட்டான்."

"நான் என்ன விற்பனைக்கா மச்சான் நிக்கிறேன்?"

அனுசுயா முந்தானையை இழுத்துச் செருகினாள். அவள் முந்தானையைச் செருகினால் தீர்ப்பு வரப்போகிறது என்று அர்த்தம்.

"ஆடி கழிஞ்சு ஆவணியில நிச்சயதார்த்தம். நாப்பத்திரண்டு நாள் இருக்கு. அதுக்குள்ள வெத்தலையை விடணும், பல்லு வெளுக்கணும். இல்லைன்னா சபையில தாம்பூலத் தட்டை எங்க அண்ணன்தான் வாங்குவாரு. நீங்க பின்னாடி நின்னு பன்னீர் தெளிங்க."

என் பெண். நான் தூக்கி வளர்த்த பெண். அவள் நிச்சயத் தட்டை இந்தத் தேங்காய்ச் சில்லு வாங்குவதா? அன்றைக்கே முடிவு செய்தேன். பல் வெளுக்கும். தட்டு என் கைக்கு வரும். ஆனால் வெற்றிலையை விடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

முதலில் உமிக்கரி. இரண்டு நாள் தேய்த்தேன். சிவப்பின்மேல் கறுப்பு ஏறியதுதான் மிச்சம். அப்புறம் யூட்யூபில் ஒருவர், எலுமிச்சம்பழத்தில் சோடா உப்பைத் தொட்டுத் தேய்த்தால் மூன்றே நாளில் முத்துப்பல் என்றார். தேய்த்தேன். மூன்றாம் நாள் மோர் குடித்தால் உச்சந்தலை வரை கூசியது. கறை மட்டும் அசையவில்லை, அதே செம்மண் கலர்.

அனுசுயா என்னைப் பல் டாக்டரிடம் தள்ளிக்கொண்டு போனாள். தஞ்சாவூரில் ஒரு மாடிக் கிளினிக். டாக்டர் பெயர் ஃபஹ்மிதா. அதிராம்பட்டினத்துப் பெண், பூமிகா வயசுதான் இருக்கும். விளக்கை என் வாய்க்குள் அடித்துப் பார்த்தார்.

"எலுமிச்சம்பழம் யாரு தேய்க்கச் சொன்னது?"

"யூட்யூப்ல ஒருத்தரும்மா."

"உங்க பல்லு கொட்டிப்போனா அவரு வந்து கட்டிவிடுவாரா? புளிப்பு பல்லோட மேல்பூச்சை அரிச்சிடும். கரி சுரண்டிடும். சுரண்டின இடத்துல கறை இன்னும் சீக்கிரமா வந்து உட்காரும். இனிமே ரெண்டையும் தொடாதீங்க."

அப்புறம் மிஷினை எடுத்தார். முப்பத்தைந்து வருஷமாகத் தூர்வாராத வாய்க்கால் அது. ஒரு மணி நேரம் வாரினார். வந்த வண்டலைப் பார்த்து எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. முடிந்ததும் கண்ணாடியைக் கொடுத்தார். உள்ளே யாரோ ஒரு புதுப் பணக்காரன் சிரித்தான்.

"மெத்துனு ஒரு பிரஷ் வாங்கிக்குங்க. அழுத்தாம, வட்டம் வட்டமாத் தேய்க்கணும். எது சாப்பிட்டாலும் வாய் கொப்பளிக்கணும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து கிளீன் பண்ணிக்கணும். முக்கியமா வெத்தலை பாக்கு கூடாது. எங்கே, மூணு விரலை நிமிர்த்தி வாய்க்குள்ள விடுங்க பார்ப்போம்."

விட்டேன். இரண்டு போயிற்று. மூன்றாவது பாதியில் நின்றது.

"பாக்குனால கன்னத்துக்கு உள்பக்கம் இறுக ஆரம்பிச்சிருக்கு. இப்ப நிறுத்தினா இத்தோட நிக்கும். நிறுத்தலைன்னா வேற எங்கேயாவது கொண்டுபோய் விட்டுடும். கறையெல்லாம் சின்ன விஷயம்."

அனுசுயாவின் முகம் வெளுத்துவிட்டது. நான் சும்மா இருக்கக்கூடாதா?

"ரெண்டரை விரல் போதும் டாக்டர். இவ பேசுறப்ப எனக்கு அதுக்கு மேல திறக்க வாய்ப்பே கிடைக்காது."

யாரும் சிரிக்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அனுசுயா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. "சரி, விட்டுட்டேன். இன்னையோட விட்டேன்" என்றேன். மூன்று நாள் நிஜமாகவே விட்டேன். அந்த மூன்று நாளில் டி.ஏ.பி. கேட்டவருக்குப் பொட்டாஷ் கட்டிக் கொடுத்தேன். ஒருவரை அடிக்கவே போய்விட்டேன்.

நாலாம் நாள் மூளை வேலை செய்தது. டாக்டரம்மா எத்தனை யோசனை சொன்னார்? பிரஷ், வட்டம், கொப்பளிப்பு, ஆறு மாசம். எல்லாவற்றையும் அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்கிறேன். ஒன்றே ஒன்றை மட்டும் தள்ளுபடி செய்கிறேன். யூரியா வாங்குகிறவனுக்கே தள்ளுபடி கொடுக்கிறோம், எனக்குக் கூடாதா?

கடைக்குப் பின்னால் என் கோடவுன். பக்கத்துப் பெட்டிக்கடை மூஸா பாயிடம் வெற்றிலை. கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வாய் போடுவேன். மென்று முடித்ததும் பன்னிரண்டு கொப்பளிப்பு, எண்ணி வைத்துப் பன்னிரண்டு. அப்புறம் மெத்து பிரஷ்ஷில் பட்டாணி அளவு பேஸ்ட், வட்டம் வட்டமாக. நாக்கு வழிப்பு. கடைசியில் ஒரு ஏலக்காய். வாசனைக்குப் பயமே இல்லை. எங்கள் கோடவுன் உர நாற்றத்தில் யானை செத்துக் கிடந்தாலும் வெளியே தெரியாது. இப்படி ஒரு நாளைக்கு ஐந்து தடவை.

மூஸா பாய் ஒருநாள் தாங்க முடியாமல் கேட்டார்.

"அண்ணே, இவ்வளவு பாடுபட்டுப் பல்லு விளக்குறதுக்கு, வெத்தலையையே விட்டுடலாமே?"

"பாய், உங்களுக்கு விஞ்ஞானம் புரியாது."

"எனக்குப் புரிய வேண்டாம்ணே. உங்க பிரஷ்ஷே தேய்ஞ்சு போச்சு, அதைச் சொன்னேன்."

வீட்டில் தினமும் சாயங்காலம் பல் தணிக்கை. அனுசுயா செல்போன் டார்ச்சோடு வாசலில் நிற்பாள்.

"ஈ காட்டுங்க."

"ஈ."

"மேல் வரிசை. கீழ் வரிசை. கடைவாயைத் திருப்புங்க." மூக்கைக் கிட்டே கொண்டுவந்து மோந்து பார்ப்பாள். "என்னங்க இது, அந்தி நேரத்துல பேஸ்ட் வாசனை?"

"பல் ஆரோக்கியம்டி. டாக்டரம்மா சொல்லலையா?"

"அப்படியா?"

"நாக்கைக்கூட வழிக்கிறேன்."

"பரவாயில்லையே. நல்லாத்தான் இருக்கு. இப்படியே இருங்க."

தண்ணீரைப் பிடிக்கிற அந்தக் கண் என்னைப் பிடிக்கவில்லை! தினமும் பாஸ். இருபது நாள், முப்பது நாள், முப்பத்தைந்து நாள், ஒரு நாள்கூட ஃபெயில் இல்லை. உள்ளுக்குள் நான் ஆடிய ஆட்டம் எனக்குத்தான் தெரியும். நெடுஞ்செழியன் மச்சான் போனில் கூப்பிட்டு, "தட்டு வாங்க எனக்குப் பட்டு வேட்டி எடுத்தாச்சு மாப்பிள்ளை" என்றார். "எடுத்ததை மடிச்சு வைங்க மச்சான்" என்றேன்.

ஆவணி வந்தது. நிச்சயதார்த்த நாளும் வந்தது. மண்டபத்தில் நுழைந்ததிலிருந்து நான் வாயை மூடவில்லை. போட்டோகிராபர் "ஸ்மைல் பண்ணுங்க சார்" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் பண்ணிவிடுவேன். பூமிகாவை எடுக்கும்போதும் குறுக்கே போய்ப் பண்ணினேன். "அப்பா, இது என் போட்டோப்பா" என்றாள் பெண். மாப்பிள்ளையின் அத்தை என்னைப் பார்த்து, "இவரு பொண்ணோட சித்தப்பாவா? அப்பா எங்கே?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி போதும் எனக்கு, இந்த ஜன்மத்துக்கு.

சபை கூடிற்று. அனுசுயா வெள்ளித் தட்டைக் கொண்டுவந்தாள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், பூ, பழம். நேரே மச்சானைத் தாண்டி வந்து என் கையில் வைத்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உண்மையாகவே வந்தது.

எதிரே சம்பந்தி வீரமணி அவர் தட்டோடு உட்கார்ந்தார். என் தட்டில் இருந்த கொழுந்து வெற்றிலையைப் பார்த்து அவருக்கும் நாக்கில் ஊறியிருக்க வேண்டும்.

"சம்பந்தி, தட்டு மாத்தின கையோட முதல்ல நாம ரெண்டு பேரும் ஒரு வாய் போட்டுடணும். என்ன?"

பின்னாலிருந்து அனுசுயா மெதுவாகச் சொன்னாள். "அவங்க வெத்தலையை விட்டுட்டாங்கண்ணே. ஒரு மாசத்துக்கு மேலாச்சு."

சபையே என்னைப் பார்த்தது. அப்போது நெடுஞ்செழியன் மச்சான் தொண்டையைக் கனைத்தார்.

"நிஜமாவா மாப்பிள்ளை? தட்டு கையில இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க."

எங்கள் பக்கத்தில் தாம்பூலம் மாற்றினால் பேச்சு முடிந்தது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்ன சொல்லை மாற்றினால் சம்பந்தமே ஆட்டம் கண்டுவிடும் என்பார்கள். கோர்ட்டில் கூட அப்பீல் உண்டு, இதற்குக் கிடையாது. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் மச்சான் முகத்தில் அந்த இளிப்பு இருக்கிறதே, அதைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. நிமிர்ந்து உட்கார்ந்தேன். முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சொன்னேன்.

"யோசிக்க என்ன மச்சான் இருக்கு? இந்தத் தாம்பூலத் தட்டு மேல ஆணையாச் சொல்றேன். வெத்தலையை விட்டேன். இனிமே என் உசிரு உள்ளவரைக்கும் இந்த வாய்க்குள்ள வெத்தலை பாக்கு நுழையாது."

மச்சான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். ஆகா! அந்தத் தலை தொங்கிய காட்சியைத்தான் போட்டோகிராபர் எடுத்திருக்க வேண்டும்.

வீரமணி சம்பந்திக்குக் குரல் தழுதழுத்தது. "பொண்ணைப் பெத்தவர் இவ்வளவு வைராக்கியமா இருக்கும்போது நான் மட்டும் என்ன? நானும் விட்டேன், சம்பந்தி! இதே தட்டு மேல விட்டேன்!" என்று மடியிலிருந்த வெற்றிலைப் பெட்டியை எடுத்து அவர் மனைவி ராமாயி கையில் கொடுத்தார். அந்த அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அனுசுயாவைப் பார்த்துச் சிரித்தார். தட்டு மாறியது. கெட்டிமேளம் கொட்டியது. எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குத்தான் தட்டினார்கள். இப்போது சொல்லுங்கள், ஜெயித்தது யார்?

சாப்பாடு முடிந்தது. பாயசத்தை வழித்து நக்கிவிட்டுக் கை கழுவி வந்தேன். வாசலில் ஒரு தாம்பாளம் நிறைய வெற்றிலை சீவல். வழக்கம்போல் கை தானாகப் போயிற்று. போன கையை ஒரு கை கப்பென்று பிடித்தது. சம்பந்தி.

"வேண்டாம் சம்பந்தி. எனக்கும் நாக்கு துடிக்குது. நம்ம பிள்ளைங்களை நினைச்சுக்குங்க."

அப்போதுதான், ஐயா, அந்தத் தாம்பாளத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, நான் சபையில் என்ன சொன்னேன் என்று எனக்கே முதல்தடவையாகக் காதில் விழுந்தது. முப்பத்தைந்து வருஷத்தை ஒரு மச்சானின் இளிப்புக்காக வாரிக் கொடுத்திருக்கிறேன். அதுவும் வெற்றிலையையே கையில் வைத்துக்கொண்டு.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் விழுந்தேன். அனுசுயா பட்டுப் புடவையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"பார்த்தியா அனுசு? தட்டை யாரு வாங்கினது? உங்க அண்ணன் மூஞ்சி போன போக்கைப் பார்த்தியா?"

"பாவம், நல்லாத்தான் நடிச்சாரு."

"நடிச்சாரா?"

"'நிஜமாவா மாப்பிள்ளை'ன்னு கேட்கச் சொன்னதே நான்தான். மூணு நாளா போன்ல சொல்லிக் கொடுத்தேன்."

"அப்ப தட்டு வாங்க அவருக்குப் பட்டு வேட்டி எடுத்தது?"

"அப்பா உசிரோட இருக்கையில மாமன் எந்த ஊர்லங்க நிச்சயத் தட்டு வாங்குவாரு? அப்படி ஒரு வழக்கமே கிடையாதே. நீங்க யாரையாவது கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க."

எனக்கு வாய் திறந்தது. இரண்டரை விரல் அளவுக்குத் திறந்தது.

"கோடவுன் விஷயம்..."

"நாலாம் நாளே தெரியும். வெத்தலையை விட்ட மனுஷன் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை பல்லு விளக்குவான். அந்தி நேரத்துல எதுக்கு விளக்குறான்? ரொம்பச் சுத்தமா வர்ற பால்மேலதாங்க எங்களுக்கு முதல்ல சந்தேகம் வரும்."

"தெரிஞ்ச அன்னைக்கே பிடிச்சிருக்கலாம்ல?"

மடித்த புடவையைக் கட்டிலில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"பிடிச்சிருந்தா? ரெண்டு நாள் சண்டை. மூணாம் நாள் வேற ஒரு கோடவுன். எங்கிட்டப் பொய் சொல்ல உங்களுக்குக் கூச்சமே கிடையாது, இருபத்தெட்டு வருஷப் பழக்கம். சம்பந்திகிட்டச் சொல்லுவீங்களா? பூமிகா வாழப்போற வீடு. அந்த டாக்டரம்மாகிட்ட ரெண்டரை விரல்தான் உள்ளே போனதுலேர்ந்து எனக்குச் சோறு இறங்கலைங்க. பல்லு எந்தக் கலர்ல இருந்தா எனக்கென்ன? நீங்க இருக்கணும்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இருந்தாலும் மனசு ஒரு மூலையில் கணக்குப் போட்டது. சம்பந்தி இருப்பது திருப்பழனம். நம் கடை திருவையாறு. நடுவில் நாலைந்து கிலோமீட்டர் இருக்கிறது. அவருக்கு எப்படித் தெரியப்போகிறது?

அப்போது போன் அடித்தது. சம்பந்திதான்.

"சம்பந்தி, வெத்தலை இல்லாம வீட்டுல உட்கார முடியலை. கையும் ஓடலை, காலும் ஓடலை. ராமாயிதான் ஒரு யோசனை சொன்னா. நாளையிலேர்ந்து காலையில முதல் பஸ்ஸைப் பிடிச்சு உங்க கடைக்கு வந்துடுறேன். ஷட்டர் சாத்துற வரைக்கும் உங்ககூடவே இருக்கேன். ஒருத்தருக்கு ஒருத்தர் துணை. உங்களுக்கு ஒண்ணும் சிரமமில்லையே?"

"சிரமமா? சேச்சே... வாங்க சம்பந்தி. ஆனா கடையில உட்கார இடம்தான்..."

அனுசுயா புடவையைப் பீரோவில் வைத்துக்கொண்டே சொன்னாள்:

"நேத்தே ஒரு சேர் வாங்கி மூஸா பாய் கடையில வச்சிருக்கேங்க."